குலதெய்வம் கேட்டு எழுதிய நோட்டு: கிழித்துவிடலாமா?

கரிசல்குருவி (கேள்வி)

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. திருநெல்வேலியில் இளங்கலை கணிதம் முதலாண்டு படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். ஊர் விளாத்திகுளம் பக்கம், மிளகாயும் உளுந்தும் விளைகிற கரிசல் காடு.

சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, எதில் ஆர்வம் என்று கேட்டார்கள். பாட்டு, கைப்பந்து, மெஹந்தி என்று வரிசையாக வந்தது. நான் "சாமி கதை கேட்பது" என்றேன். வகுப்பே சிரித்தது. "அவ்வளவு பக்தியா அம்மா?" என்றார் பேராசிரியர். பக்தியும் இல்லை, புராணமும் இல்லை. ஊர் எல்லையிலும் கண்மாய்க் கரையிலும் வெயிலில் நிற்கிற சாமிகள் முன்பு யாராக இருந்தார்கள், எப்படிச் செத்தார்கள், செத்தபின் யார் கனவில் வந்து என்ன கேட்டார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். வகுப்பில் அதை விளக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பழக்கம் வீட்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு உத்திரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கும். என் தாத்தாவின் அக்கா ஒருத்தி சிறு வயதிலேயே அம்மை வந்து இறந்தவள், அவள்தான் எங்கள் வீட்டுக் கன்னி. வருடத்தில் ஒரு நாள் பெட்டியை இறக்கி, புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், ஒரு பவுடர் டப்பா வைத்துப் படைத்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார்கள். போன வருடத்துப் பாவாடை வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு. பத்து வயதுவரை அதை உடுத்தியது நான்தான். ஒரு வருடம் பெட்டிக்குள் மடிந்து கிடந்த கோடு எத்தனை துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பாவாடையைப் பார்த்தாலே "பெட்டித் துணி" என்பார்கள். இந்தக் கன்னி கும்பிடுவது தென்மாவட்டத்தில் பல சாதியிலும் உண்டு என்பதால் தைரியமாக எழுதுகிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

ஆகஸ்டில் ஒரு நாள் இரவு மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. துணி காயப்போடுகிற மொட்டை மாடியில் எல்லோரும் பாயை விரித்தோம். பேய்க்கதையில் ஆரம்பித்து சாமி கதைக்கு வந்தோம். மேலூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தி அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பைப் பற்றிச் சொன்னாள். அங்கே சிலை கிடையாது, மூடிய கதவுக்குத்தான் சந்தனம், கதவுக்குத்தான் மாலை. இன்னொருத்தி வீட்டு மாடனுக்குச் சுருட்டு இல்லாமல் படையல் இறங்காதாம். ஒரு ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய கோயிலின் பிடிமண் எடுத்துக்கொண்டு ஓடி வந்தோம், ஆற்றங்கரை மரம் வளைந்து வழிவிட்டது என்றாள் வேறொருத்தி. இந்தப் பெண் கேட்ட ராஜா கதையை மூன்று பேர் மூன்று ஊர் சாமிக்குச் சொன்னார்கள். அந்த ராஜாவுக்கு வேறு வேலையே இருந்ததில்லை போலிருக்கிறது.

மறுநாளே ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினேன். கணித மாணவி அல்லவா, கட்டம் போட்டேன். பெயர், ஊர், சாமி, கதை, படையல். நவம்பருக்குள் 23 வரிசை நிரம்பியது. கதை நீளமானவர்களுக்குப் பின்னால் தனிப் பக்கம்.

எங்கள் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் படுப்பவளிடம் மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. முதல் தடவை "தெரியாது" என்றாள். இரண்டாம் தடவை "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள். மூன்றாம் தடவை எழுந்து துணி எடுக்கப் போய்விட்டாள். அவளுக்கென்று போட்டிருந்த பக்கத்தில் பெயரையும் ஊரையும் எழுதி, எதிரே "சொல்ல மறுத்துவிட்டாள்" என்று எழுதினேன். கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பிடிக்காது. இதற்குமேல் அதற்குக் காரணம் எதுவும் கிடையாது.

மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் நோட்டைப் படிக்கக் கேட்டார். பெருமையோடு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடியே என் நோட்டை மனப்பாடமாக ஒப்பித்தார். "நீயும் நானும் பங்காளி. அவள் நமக்கு முறைக்காரி. இவள் சாமி பெயரைப் பார்த்தேன், அப்போதே தெரிந்தது இவள் யார் என்று." கடைசியில் ஜன்னலோரக்காரியைக் காட்டி, "வாய்விட்டுச் சொல்ல முடியாத சாமி எந்தத் தெருச் சாமியாக இருக்கும்?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை. தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனாள்.

இது நடந்து 11 நாள் ஆகிறது. அவள் என்னோடு பேசுவதில்லை.

நான் படித்த பள்ளியில் ஒருவரின் சாதியை அறிய நோட்டு தேவைப்பட்டதில்லை, மணிக்கட்டில் கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் போதும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியபோது நான் பதினொன்றாம் வகுப்பு. மறுவாரம் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியர் கத்தரிக்கோலோடு நின்றார். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றுக்குத் தடை கேட்டிருந்ததைச் செய்தித்தாளில் படித்து, நல்லது என்று நானே சொன்னேன். அந்தக் கயிறு செய்த வேலையை இப்போது விடுதியில் என் நோட்டு செய்துவிட்டது.

நோட்டைக் கிழித்துவிடலாமா? சாதியைக் கேட்காமல் சாமியைக் கேட்க வழி உண்டா, அல்லது இரண்டும் ஒன்றேதானா? அவளிடம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது?


வாடகைவீடு

தங்கச்சி, இரண்டும் ஒன்றேதான். கோயம்புத்தூரில் ஆறு வருடத்தில் நான்கு வீடு மாறியவன் சொல்கிறேன்.

நம் ஊரில் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னார்கள், பெரும்பாலோர் நாளடைவில் வெட்டிவிட்டோம். அதற்காகக் கேட்கிறவர்கள் கேட்பதை விட்டார்களா? சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் முதலில் காபி கொடுப்பார். "சைவமா தம்பி?" அடுத்தது, "ஊரில் எந்தப் பக்கம்?" அதற்கும் பிடி கிடைக்கவில்லை என்றால் குரலில் தேன் ஒழுக, "உங்கள் குலதெய்வம் எது?"

ஒரு வீட்டில் நானும் உண்மையைச் சொன்னேன். சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். கழுவுகிற சத்தம் கேட்டது, பிறகு மறுபடியும் கழுவுகிற சத்தம். சாவி தரவில்லை. அடுத்த வீட்டில் "திருப்பதி பெருமாள்" என்று சொல்லிக் குடியேறினேன். பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் ஜன்னலோரத் தோழி அந்தக் கேள்விக்கு எத்தனை வீட்டு வாசலில் பதில் சொல்ல வேண்டியிருந்ததோ. நீங்கள் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். நோட்டைக் கிழித்துப் போடுங்கள்.


தேரடி

எனக்குப் புரியவே இல்லை. குலதெய்வத்தைச் சொல்ல என்ன கூச்சம்? நாங்கள் பங்குனி உத்திரத்துக்கு எங்கிருந்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவோம். சென்னையில் இருக்கும் சித்தப்பா, ஓசூரில் இருக்கும் தம்பி, எல்லோரும் ஒரே வேனில். வெட்டவெளியில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துவிட்டு உடைமரத்து நிழலில் படுத்துக் கிடக்கிற சுகம் நகரத்துக்காரர்களுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியே குலதெய்வம்தான்.

2003இல் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று 1950ஆம் வருடத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது எங்கள் ஊரில் சாதி பார்க்காமல்தான் எல்லோரும் கொதித்தோம். மறுவருடமே அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அப்படிக் காப்பாற்றிய வழிபாட்டை ஒரு விடுதியில் எவரோ கேலி செய்தார் என்பதற்காக மறைக்க வேண்டுமா? கேலி செய்த பெண்ணைக் கண்டியுங்கள். நோட்டு என்ன பாவம் செய்தது?

இவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்களே, அது சரி, உங்கள் குலதெய்வம் எது?


வாடகைவீடு

பார்த்தீர்களா தங்கச்சி, கேட்டுவிட்டார்.


மகுடச்சத்தம்

கரிசல்குருவிக்கு.

பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் படித்தவன் நான். படித்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இப்போது உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா வாங்க வருகிறவர்களிடம் இன்றும் கதை கேட்பேன், வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்குவேன். வாடகைவீடு சொல்வது உண்மை. ஆனால் கிழிக்கச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. காரணம், நான் ஒரு தடவை கிழித்திருக்கிறேன்.

மாணவனாக இருந்தபோது டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனேன். வில்லுப்பாட்டில் அந்த ஊர்ச் சாமியின் கதையை மூன்று மணி நேரம் பாடினார்கள். சாமி மேலத்தெருப் பெரியவர் ஒருவரின் கனவில் வந்து கோயில் கேட்டது, அவர் கட்டினார். மத்தியானக் கொடை முடிந்து பாட்டுக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம், கீழத்தெருவில் ஒரு பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே அதே கதையை வேறு மாதிரி சொன்னார். அதில் சாமி கீழத்தெருப் பையன். அவனைக் கொன்றதே மேலத்தெருக்காரர்கள்தான், பழிக்குப் பயந்து கோயில் கட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எம்.ஏ. பட்டமே கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களுக்கு இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன்.

மறுவருடம் கொடைக்கு அந்தப் பாட்டி வீட்டில் வரி வாங்கவில்லை. வரி வாங்காமல் விடுவது என்றால் ஊரைவிட்டு ஒதுக்குவது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்தி தெரிந்த அன்றே பாட்டியின் கேசட்டில் இருந்த நாடாவை உருவி அடுப்பில் போட்டேன். அதனால் பாட்டிக்கு என்ன கிடைத்தது? எதுவும் இல்லை. வரி வாங்காதவர்கள் வாங்காதவர்களாகவே இருந்தார்கள். இரண்டு வருடத்தில் பாட்டி இறந்தார். அவர் சொன்ன கதையை இன்று எவரும் சொல்வதில்லை. வில்லில் பாடுகிற கதை மட்டும் வருடாவருடம் ஒலிபெருக்கியில் கேட்கிறது.

ஆகவே கிழிக்க வேண்டாம், பிரியுங்கள். கட்டம் போட்டதுதான் உங்கள் முதல் தவறு. பெயரும் ஊரும் சாமியும் ஒரே வரிசையில் வந்தால் அது கதை நோட்டு இல்லை, ரேஷன் கடைப் பதிவேடு. கதையைத் தனி நோட்டில் எழுதி அதில் ஓர் எண் மட்டும் போடுங்கள். எந்த எண் யார் என்பது வேறோர் இடத்தில், பூட்டுக்குள் இருக்கட்டும். ஊர்ப் பெயரை எழுதவே வேண்டாம், "ஆற்றங்கரை ஊர்" என்றால் போதும். அப்படியும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், படையலில் என்ன வைக்கிறார்கள் என்பதிலிருந்தே ஆளைச் சொல்கிற நிபுணர்கள் இங்கே உண்டு. அதனால் இரவல் கொடுக்காதீர்கள்.

சாதியைக் கேட்காமல் சாமியைக் கேட்க வழி உண்டா என்றீர்கள். "உன் சாமி எது" என்று கேட்டால் பதில் வீட்டுக்குள் போகும். நான் கடையில் கேட்பது, "சின்ன வயதில் எந்தச் சாமிக்குப் பயந்தீர்கள்?" பயந்த சாமி சொந்தச் சாமியாக இருக்க வேண்டியதில்லை. எனக்குப் பயம் பக்கத்து ஊர் இசக்கிமேல். சைக்கிளில் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். இப்படிக் கேட்டால் மற்றவர்களின் சாமிகளைப் பற்றி ஆளுக்கு நான்கு கதை கொட்டும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர் ஒருவர், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, மாடன் கதையை அரைமணி நேரம் சொன்னார். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீளம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருநெல்வேலியில் இருக்கிறீர்கள், பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். அங்கே பட்டவராயன் சன்னிதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பார்கள். வாசலில் கழற்றிவிட்டுப் போன பொருள் உள்ளே காணிக்கையாகத் தொங்குகிறது. அவன் கதைதான் முத்துப்பட்டன் கதை. பிராமணப் பையன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் ஆசைப்பட்டான். தகப்பன் நிபந்தனை போட்டான். பட்டன் அதை ஏற்றுக் குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான்.

இந்தக் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். பாடும்போது இடையில் ஒரு வேலை நடந்திருக்கிறது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு துண்டைப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். மதுரைவீரனையும் காசி ராஜா வீட்டில் பிறக்கவைத்துத்தான் சக்கிலியர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சாமியாகவே ஆன பிறகும் "நீ எந்த ஆள்?" என்ற கேள்விக்கு ஒரு மரியாதையான பதில் தயார்செய்ய வேண்டியிருந்திருக்கிறது. உங்கள் தோழி "தெரியாது" என்றதும் அப்படிப்பட்ட ஒரு பதில்தான்.

தேரடி தம்பிக்கு: சாஸ்தா கோயில் உடைமர நிழல் சுகம் எனக்கும் தெரியும். அந்த நிழலுக்குள் யார் யார் வரலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


வேப்பமரத்துக்கு_அப்பால்

நான் அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவள். உங்கள் விடுதியில் இல்லை, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில்.

எங்களுக்குச் சாமி இல்லாமல் இல்லை. ஊர்க் கோயில் சாமிதான் எங்களுக்கும். அப்பா பறை அடிக்காமல் அந்தச் சாமி இறங்காது. இறங்கிய சாமி எல்லோருக்கும் நெற்றியில் திருநீறு பூசும். எங்களுக்கு வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமாக எறியும், அம்மா முந்தானையை ஏந்திப் பிடித்துக்கொள்வாள். விடுதியில் வந்து "உன் குலதெய்வம் என்ன, கதை சொல்" என்றால் எதைச் சொல்வது? சாமி கதையைச் சொன்னால் முந்தானையையும் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்று சொல்லிவிட்டேன். அறையில் ஒரு சி.எஸ்.ஐ. பெண் இருந்தாள், "அப்படியா, வா" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்று வருடம் போனேன். பாமாலை நிறைய மனப்பாடம் ஆனது, ஆல்ட்டோ குரலில் பாடுவேன். சொன்ன பொய்க்கு அவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவளிடம் போய் நீளமாக மன்னிப்புக் கேட்காதீர்கள். முக்கியமாக, அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அது இன்னொரு வேலை. அறையில் மற்றவர்கள் இருக்கும்போதும் வேண்டாம்.

அவள் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு மட்டும் கொடுத்தால் அதுவும் கண்ணில் உறுத்தும், 23 பேருக்கும் கொடுங்கள். மகுடச்சத்தம் ஐயா பூட்டி வைக்கச் சொல்கிறார், ஆராய்ச்சிக்காரர், அவருக்கு அது சரி. நீங்கள் கூடவே குடியிருப்பவர். பூட்டிய பெட்டியில் தன் சாமி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒருத்தி அதே அறையில் எப்படித் தூங்குவாள்?

அந்த மூன்றாம் ஆண்டு அக்காவைச் சும்மா விடாதீர்கள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார் அல்லவா, பதிலும் அதே வரிசையில் எல்லோர் காதிலும் விழ வேண்டும்.


கரிசல்குருவி

எல்லோருக்கும் நன்றி. பருவத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் தாமதம். நேற்று கால்குலஸ் முடிந்தது, நாளை மறுநாள் ஆங்கிலம்.

நோட்டைப் பிளேடால் பக்கம் பக்கமாக வெட்டினேன். கட்டம் போட்ட முதல் தாள்களை வரிசை வரிசையாக நறுக்கியபோது பஸ் டிக்கெட் மாதிரி வந்தது. ஒவ்வொருவரிடமும் போய், "உன்னுடையது, உன்னிடமே இருக்கட்டும்" என்று கொடுத்தேன். பாதிப் பேர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். மேலூர்க்காரி என் எதிரிலேயே படித்துவிட்டு, "கிடாய் என்று சொன்னேன், ஆடு என்று எழுதியிருக்கிறாயே" என்று திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது எல்லோருக்கும் தெரிந்த சாமிதானே, நீயே வைத்துக்கொள், ஆனால் சரியாக எழுது." இப்படி ஏழு பேர் திருப்பித் தந்தார்கள். அந்த ஏழையும் ஐயா சொன்னபடி பெயரில்லாமல் வேறு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மற்றவை போயின. வருத்தம்தான். குறிப்பாக, கடலுக்குப் போன ஒரு சாமியின் கதை நன்றாக இருந்தது.

மூன்றாம் ஆண்டு அக்காவிடம் சாப்பாட்டு வரிசையில்தான் சொன்னேன். முந்தின இரவே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தது முழுவதும் மறந்துவிட்டது. "கதை படிக்கத்தான் நோட்டைக் கொடுத்தேன் அக்கா, ஆள் பிரிக்கக் கொடுக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னது தவறு" என்று மட்டும் வந்தது. குரல் வேறு கீச்சென்று போய்விட்டது. "விளையாட்டுக்குச் சொன்னால் இப்படியா?" என்றார். சாம்பார் ஊற்றுகிற அம்மா கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சிரித்தவர்களில் எவரும் சிரிக்கவில்லை, என் பக்கம் பேசவும் இல்லை. இப்போது அந்த அக்கா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கும் அடுத்த வருடம்வரை பயம் இருக்கிறது.

ஜன்னலோரக்காரியிடம் கொடுக்கத்தான் நான்கு நாள் ஆயிற்று. அவள் மட்டும் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போனேன். மற்றவர்கள் பக்கத்தில் கதை இருந்தது, அவள் பக்கத்தில் அந்த ஒரு வரிதான். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். அடித்தால் நான் எழுதாத மாதிரி ஆகிவிடும் என்று அப்படியே கொடுத்தேன். "இது நான் எழுதியது. எழுதியிருக்கக் கூடாது" என்றேன். வேப்பமரத்து அக்கா சொன்னபடி அழவில்லை, கீழே வந்த பிறகுதான்.

அவள் படித்தாள். "மறுத்துவிட்டாள்" என்று ஒரு தடவை வாய்விட்டு வாசித்தாள். நான்காக மடித்து, ஹால் டிக்கெட் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் அங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. துணிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கல்லில் அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால் வாளியோடு. வழக்கமாக முழுக் கல்லிலும் துணியைப் பரப்பித்தான் துவைப்பாள். அன்றைக்குப் பாவாடையை ஒதுக்கிப் பாதிக் கல்லைக் காலியாக விட்டாள். பேசவில்லை. நானும் சோப்புப் போட ஆரம்பித்தேன்.

தேரடி அண்ணாவுக்கு: பங்குனி உத்திரத்துக்கு நாங்களும் போவோம். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் எந்தச் சாமிக்குப் பயந்தேன் என்று வேண்டுமானால் கேளுங்கள், எங்கள் கண்மாய் மடையில் இருக்கிற ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறேன். ஆங்கிலத் தேர்வு முடியட்டும்.